பொருள்: கோபம் – சார்பாக

ஓய்வு பெற்ற நாலாவது மாதம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டியபோது ஏறாதது, வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் ஏறிவிட்டது. மகள் ஊரிலிருந்து வந்து, கோடு போடாத நோட்டு ஒன்றையும் பன்னிரண்டு கலர் பென்சிலையும் கையில் திணித்தாள்.

"அப்பா, மனசுல இருக்கறதை எழுதுங்க. எழுத வரலேன்னா வரைங்க. நாலு நாள் போதும்."

நாலு நாள் கணக்கு அவளுடையதல்ல. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. மனதை அறுக்கும் விஷயத்தைத் தினம் 15 நிமிடம், 4 நாள் எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். நடந்ததோடு பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. என் மகள் மறைத்துவிட்டாள்.

முதல் நாள் உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது:

"ந.க.எண் 1/அ1. பொருள்: கோபம் – நேற்றிரவு தோசைக்குத் தக்காளிச் சட்னி வைத்தது – விளக்கம் கோருதல் – சார்பாக. பார்வை: மனைவியின் வாய்மொழி உத்தரவு ('இருக்கறதைச் சாப்பிடுங்க'). பொருளில் கண்டுள்ள கோபம், பார்வையில் கண்டுள்ள உத்தரவினால் எழுந்தது எனப் பணிந்து தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

படித்துப் பார்த்தேன். கோபம் இருந்தது, கோபப்பட்ட ஆளைத்தான் காணோம்.

இரண்டாம் நாள் ஓவியம். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில், ஒரு முகாமின் பொறுப்பில் இருந்த உளவியலாளர் கார்ல் யுங், தினமும் காலையில் நோட்டில் ஒரு வட்டச் சித்திரம் வரைந்து அன்றைய மனநிலையைப் பார்த்துக்கொள்வார். நானும் சிவப்புப் பென்சிலை எடுத்து, பக்கம் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு வட்டம் போட்டேன். காப்பி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சட்னிக்குக் கோவிச்சுக்கிட்டு, இப்ப தக்காளியைப் படம் போடறீங்களா?"

யுங்கைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மனசு சரியில்லாத அன்னிக்கு நான் வாசல்ல சிக்குக் கோலம் போடுவேன். புள்ளியைச் சுத்திச் சுத்தி வந்து கோடு ஒண்ணு சேர்றதுக்குள்ள கோபம் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வாசலில் சிக்குக் கோலம் அடிக்கடி கிடந்ததாக நினைவு. அதைத் தாண்டித்தான் முப்பத்திரண்டு வருஷம் அலுவலகம் போயிருக்கிறேன்.

மூன்றாம் நாள் துணைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்த சேதியோடு, கவர்னர் துய்ப்ளெக்ஸின் மனைவி மேல் தனக்கிருந்த மனத்தாங்கலையும் விடாமல் எழுதிவைத்தார். கவர்னர் மனைவியைப் பற்றி எழுதும் தைரியம் அவருக்கு இருந்தது. என் மனைவியைப் பற்றி எழுதும் தைரியம் எனக்கு இல்லை. அன்று பக்கம் காலி.

நாலாம் நாள் 'பொருள்' 'பார்வை' எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'நான்' என்று ஆரம்பித்தேன். "நான் அன்றைக்குக் காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு அழைப்புதான் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்ட பெண். நாள் முழுக்க என்னை 'சார்' என்று கூப்பிட்டது அவள் மட்டும்தான். கடன் வேண்டாம் என்று சொல்லவே மனசு வரவில்லை. ராத்திரி தட்டில் சட்னி இருந்தது. கையில் அகப்பட்டது அதுதான்."

பதினைந்து நிமிடம் ஆனபோது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. நோட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு மாத்திரை போடப் போனேன்.

திரும்பி வந்தால், என் குறிப்புக்குக் கீழே பச்சைப் பென்சிலில் ஒரு வரி: "பார்த்தேன். நாளைக்குத் தேங்காய்ச் சட்னி. சாயங்காலம் கோவிலுக்குச் சேர்ந்து போகலாம், சார்."

பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவிக்கு உயராமலே ஓய்வு பெற்றவன் நான். மேலதிகாரி இத்தனை வருஷமும் வீட்டிலேயே இருந்திருக்கிறார். ஆணை நிறைவேற்றப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது.