பதினைந்து பைசா போர்க்களம்

"அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் இருந்த பொறுமை..." என்று பேச்சைத் தொடங்கும் பெரியவர்களை நம்பாதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சொல்கிறேன். 1980களின் கடைசியில் மறைமலைநகரில் உட்கார்ந்துகொண்டு கல்கத்தாக்காரர் ஒருவரோடு தபால் கார்டில் செஸ் ஆடியவன் நான். ஆட்டம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றால் இன்றைக்குக் கேட்கிற பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். நானும் ஒரு முனிவரைப் போல முகத்தை வைத்துக்கொள்கிறேன். உள்ளது இவ்வளவுதான்: கார்டு போய்ச் சேர நாலைந்து நாள், பதில் வந்து சேர நாலைந்து நாள். நடுவில் பொறுமையாக இல்லாமல் வேறு எப்படி இருப்பதாம்? அந்தப் பொறுமை முழுக்க ஹௌரா போகும் ரயிலுக்குச் சொந்தமானது. பெயரை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அப்போதைய மறைமலைநகரையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சென்னை வீங்கிக்கொண்டே போகிறது, தெற்கே ஒரு துணை நகரம் வேண்டும் என்று திட்டம் போட்டு, ஜி.எஸ்.டி. சாலையோரம் நிலம் எடுத்து, மனை பிரித்து, தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரையும் சூட்டியிருந்தார்கள். சாலைகள் அகலமாக இருந்தன. அவற்றில் நடக்கத்தான் ஆள் இல்லை. பகலில் தொழிற்பேட்டை, சாயங்காலம் வெட்டவெளி. மின்சாரம் இருக்கும் இரவுகளில் தூர்தர்ஷன், இல்லாத இரவுகளில் கொசு. செஸ் ஆட வேண்டுமென்றால் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அங்கே சோவியத் கலாசார மையத்தில் 1972 முதல் தால் செஸ் கிளப் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் வளர்த்த கிளப் அது. அங்கே சிறுவனாக வந்து ஆடிய விசுவநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து அங்கே போய் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே பதினைந்து பைசா கார்டு.

தபால் செஸ்ஸுக்கென்று ஒரு கணக்கு மொழி உண்டு. எந்த நாட்டுக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உலகத் தபால் செஸ் அமைப்பு ஏற்றுக்கொண்ட முறை அது. கட்டத்துக்கு இரண்டு இலக்கம்: இடமிருந்து வலமாக ஒன்று முதல் எட்டு, கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. எதிராளியும் அப்படியே தள்ளினால் 5755. ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்துவைத்தால் 5171. கார்டு வந்த தேதி, பதில் போடும் தேதி, யோசிக்க எடுத்துக்கொண்ட நாள் எல்லாம் எழுத வேண்டும். பத்து மூவுக்கு முப்பது நாள். ரயிலில் கழியும் நாள் கணக்கில் வராது. யானை, குதிரை, மந்திரி, படை பரிவாரம் எல்லாம் சேர்ந்த ஒரு ராஜாங்கத்துப் போர், கடைசியில் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி ஒரு கார்டில் அடங்கிவிடும்.

கார்டு திறந்த வீடு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்தார்கள். என் பெயருக்கு அடிக்கடி நாலு இலக்க எண் ஒன்று வருகிறது என்ற சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? தமிழ்நாட்டில் லாட்டரி கொடிகட்டிப் பறந்த காலம்.

"சார், இது பூட்டானா, சிக்கிமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் கடைக்காரர்.

"செஸ்ஸுங்க."

"சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க சார்."

அந்த வாரம் 5755இல் முடியும் சீட்டு ஒன்றை அவர் தேடிப்பிடித்து வாங்கினார். பரிசு விழவில்லை. அது என் மேலான மரியாதையைக் குறைக்கவும் இல்லை. பெரிய இடத்துத் தொடர்பு, முழு எண்ணையும் வெளியே சொல்ல மாட்டார் என்றுதான் ஊர் நினைத்தது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்தபோது, இனி நான் பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவர்கள் உண்டு. இதில் எங்கள் ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தபாலில் போன செஸ் மூவ்களை ஒற்றர்களின் சங்கேதம் என்று சந்தேகப்பட்டுத் தடுத்தார்கள் அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகள். வல்லரசுக்கே வந்த சந்தேகம் எங்கள் பக்கத்து வல்லாஞ்சேரிக்கு வரக்கூடாதா?

போஸ்ட்மேன் மட்டும் வேறு ரகம். ஒருநாள் திண்ணையில் பலகையைப் பார்த்துவிட்டு எண்களுக்கும் கட்டங்களுக்கும் உள்ள கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு என் கார்டை என்னிடம் தருவதற்கு முன்பே அவருக்கு நிலவரம் தெரிந்துவிடும். தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, "குதிரை போச்சு சார்" என்று துக்கம் சொல்வார். இன்றைக்கு ஆன்லைன் ஆட்டங்களுக்கு நேரடி வர்ணனை என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது சைக்கிளில் வந்தது.

வீட்டில் இதன் பாதிப்பு வேறு விதம். தபாலை மிச்சம் பிடிக்க நிபந்தனை மூவ் என்று ஒன்று உண்டு: நீங்கள் இப்படி ஆடினால் நான் இப்படி, அதற்கு நீங்கள் அப்படி என்றால் நான் அப்படி. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே நான் தினமும் செய்றேன்? மழை வந்தா துணியை எடுங்க, வராட்டியும் ஆறு மணிக்கு எடுங்க, எடுக்கலைன்னா நாளைக்கு அதையே போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள். தபால் செஸ்ஸின் சட்டப் புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவு கிடையாது.

இந்தப் பைத்தியம் எங்களோடு தொடங்கியதில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். 1828-29இல் மதராஸும் ஹைதராபாத்தும் கடிதம் மூலம் செஸ் போட்டி ஆடின. மதராஸ் ஜெயித்தது. மதராஸ் அணியில் இருந்த குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேனும் 1829இல் மதராஸிலேயே 'மூஸியோ கேம்பிட்' என்ற தொடக்க ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். குலாம் காசிமின் பெயரில் ஒரு கேம்பிட் இன்றும் செஸ் புத்தகங்களில் இருக்கிறது. உலகில் தபால்தலை பிறந்தது 1840இல். இந்தியாவுக்குத் தபால் கார்டு வந்தது 1879இல். அப்படியானால் குலாம் காசிமின் குதிரை ஹைதராபாத்துக்கு ரயிலில்கூடப் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் வைத்தால் எங்கள் ஆட்டமே அவசர ஆட்டம்தான். இன்னும் பின்னால் போனால் மன்னார்குடிக்குப் பக்கத்தில் திருப்பூவனூர். சதுரங்கத்தில் தோற்காத அரசகுமாரியைக் மாறுவேடத்தில் வந்து ஆடி ஜெயித்து மணந்துகொண்ட சிவன், அங்கே சதுரங்க வல்லபநாதர். ஈசனுக்கே எதிராளியின் முகம் பார்த்து ஆடத்தான் பிடித்திருக்கிறது.

உள்நாட்டு ஆட்டம் பழகியதும் வெளிநாட்டு ஆசை வந்தது. 1990இல் சர்வதேசப் போட்டி ஒன்றில் எனக்கு வாய்த்தவர் சோவியத் யூனியனின் கார்கிவ் நகரத்துக்காரர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ரஷ்யன் தெரியாது. எண்கள் மட்டும் போய்வந்தன. அவர் நாட்டிலிருந்து வந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவாகக் கிடைத்த செஸ் புத்தகத்தைப் படித்துத்தான் அவரை எதிர்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே, 1991 டிசம்பரில், அவருடைய நாடு இல்லாமல் போய்விட்டது. இனி கார்டு வராது என்று பலகையை எடுத்துவைக்கப் போனேன். வந்தது. பழைய சோவியத் தபால்தலைதான், ஆனால் அதன்மேல் ஒரு சூலம் அச்சடித்திருந்தது. புதிய உக்ரைனின் சின்னம் அது, புதுத் தபால்தலைகள் அச்சாகும்வரை இப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம். என் மனைவி பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னாள்: "பாவம், சிவபக்தர் போலிருக்கு. அவரைத் தோற்கடிச்சிடாதீங்க." தோற்கடிக்கவில்லை, டிரா. ஒரு வல்லரசு முடிந்த பிறகும் முடியாமல் நடந்த ஆட்டம் என்று அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

இனி 2022. 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. போட்டி மாஸ்கோவின் கையைவிட்டுப் போனது. மார்ச்சில் அது சென்னைக்கு என்று முடிவானது. நாலு மாத அவகாசத்தில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் அரங்கம் தயார். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெல்லாம் கைகூப்பி நின்றது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். அதே ஜூலையில்தான் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. எங்கள் ஊருக்கு உலகம் கார் வாங்க வந்த காலம் முடிந்த அதே மாதத்தில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி உலகம் செஸ் ஆட வந்தது.

செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ப் பார்த்தேன். ஆயுளெல்லாம் கார்டில் கையெழுத்தாக மட்டுமே பார்த்த நாடுகள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தன. மாக்னஸ் கார்ல்சன் கைக்கெட்டும் தூரத்தில் கொட்டாவி விட்டார். பதினாறு வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து, முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தை வாங்கினார். பெண்கள் பிரிவில் தங்கம் யாருக்கு? உக்ரைனுக்கு. எந்தப் போரால் போட்டி இங்கே வந்ததோ அந்தப் போரிலிருந்து கிளம்பி வந்த ஐந்து பெண்கள். அவர்களில் அன்னா உஷெனினா கார்கிவில் பிறந்தவர். மேடையைப் பார்த்துக் கைதட்டினேன். "தாத்தா ஏன் நம்ம டீமுக்குக்கூட இவ்வளவு தட்டலை?" என்று கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்.

இந்தப் பையன்தான் என்னுடைய 'இந்தக் காலம்'. கைபேசியில் ஒரு நிமிட ஆட்டம் ஆடுகிறான். நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் ஒரு ராஜா செத்துப்போகிறார். எதிராளி யார் என்று கேட்டால் ஏதோ ஒரு புனைபெயரும் ஒரு கொடியும். அவன் ஆடும் இணையதளங்களிலேயே மூவுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் ஆட்டமும் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பழைய பெருமையோடு அவனை அழைத்தேன். நான் ஒரு மூவ் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க யோசிக்கலாம் என்று வேட்டியை உதறிக்கட்டினேன். பதில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து குரலும் வந்தது: "தாத்தா, தூங்கிட்டீங்களா?"

சரி, உண்மையான தபால் செஸ் என்ன ஆயிற்று என்று பார்த்தால், அது சாகவில்லை. கார்டை விட்டுவிட்டு இணையத்துக்குக் குடிபோய்விட்டது. அங்கே கம்ப்யூட்டரின் உதவியை வாங்கிக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. விளைவு, பெரிய போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிரா. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஆட, இரண்டு மனிதர்கள் நடுவில் போஸ்ட்மேன் வேலை பார்க்கிறார்கள், "குதிரை போச்சு" என்று சொல்லும் உரிமைகூட இல்லாமல்.

ஆகவே எங்கள் காலமே பொற்காலம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் கணக்கு இடிக்கிறது. நாங்கள் பொறுமையின் பெருமை பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், மணிக்கணக்கில் யோசிக்க வேண்டிய ஆட்டத்தைச் சில நிமிடங்களில் ஆடி முடித்து எழுந்துபோகும் 'மின்னல் பையன்' என்று பெயர் வாங்கித்தான் ஆனந்த் மேலே வந்தார். 1988இல் நாட்டுக்கே ஒரு கிராண்ட்மாஸ்டர். இன்று எண்பதுக்கும் மேல், தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கும் மேல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனவர் சென்னைப் பையன் குகேஷ். எங்கள் தபால் கார்டுப் பொறுமையால் உருவான கிராண்ட்மாஸ்டர் யாரும் மறைமலைநகரில் இல்லை.

எங்களிடம் இருந்து இவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. கல்கத்தாக்காரருக்கு எப்போது காய்ச்சல், எப்போது மகள் கல்யாணம் என்பது கார்டின் ஓரத்தில் எனக்கு வந்துவிடும். என் வீட்டு எண், தெரு, 603209 வரை முகம் தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இன்று பிள்ளைகளுக்கு அந்நியரிடம் எதையும் சொல்லாதே என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள், சரியாகத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆட்டம் இன்றுதான் உசத்தி, எதிராளி அன்றுதான் உசத்தி. உங்கள் வீட்டுப் பையன் ஒரு நிமிட ஆட்டம் ஆடினால் திட்டாதீர்கள். பலகையை எடுத்துவைத்து எதிரே நீங்கள் உட்காருங்கள். தோற்பீர்கள், பரவாயில்லை.