132 சதவீத ஏழையின் கடைவாய்ப்பல்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம், "பல்லுக்கு இன்ஷூரன்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "டிசம்பர்ல ஊருக்குப் போறோம்" என்பார்கள். கேள்வி காதில் சரியாக விழவில்லையோ என்று நினைக்க வேண்டாம். அதுதான் பதில். மூன்று வார விடுமுறையில் ஒரு கல்யாணம், ஒரு குலதெய்வம் கோயில், ஒரு ரூட் கேனால். மாம்பலத்திலோ மதுரையிலோ ஒரு பல் டாக்டர் இந்தத் தேதிகளுக்காகவே காத்திருப்பார். "யு.எஸ்.ஸா? எப்ப ரிட்டர்ன்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி; எந்தப் பல் என்பதெல்லாம் அப்புறம். விமான டிக்கெட்டைச் சேர்த்தாலும் கட்டுப்படியாகிறது என்று எக்ஸெல் ஷீட்டில் நிரூபித்தவர்களை எனக்குத் தெரியும்.

அருமையான திட்டம். அதில் ஒரே ஓட்டை, பல்லுக்கு டிசம்பர் தெரியாது.

எனக்கு வலி வந்தது 2024 மார்ச்சில். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல். நம்மூர் டாக்டர்கள் அதற்கு 36 என்று எண் போடுவார்கள். அமெரிக்காவில் அதே பல் 19. மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட் என்று எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டிருக்கிற நாடு, பல்லை மட்டும் நம்மோடு சேர்ந்து எண்ணுமா என்ன?

நாங்கள் இருந்தது பால்டிமோரில். நான் ஆராய்ச்சி மாணவன். மனைவிக்கு டிபெண்டன்ட் விசா, அதாவது வேலை பார்க்கச் சட்டப்படி தடை. மகளுக்கு நாலு வயது, அவளுக்குத் தடை எதுவும் கிடையாது. பல் வலிக்குப் பால்டிமோரைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் இல்லை. முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் இங்கேதான் தொடங்கியது. பல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் பல்செட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். அவருக்கு மரப்பல் என்று சொல்வது கதை. தந்தம், உலோகம் முதலியவற்றால் செய்தவைதான் அவர் மாட்டிக்கொண்டவை. 1789இல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. நாட்டின் முதல் குடிமகன் கதையே அதுதான் என்றால், குடிமகனே இல்லாதவன் எதை எதிர்பார்க்க முடியும்?

பல்கலைக்கழகம் எனக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்திருந்தது. குறை சொல்ல முடியாத காப்பீடு. நாக்குக்கு உண்டு, தொண்டைக்கு உண்டு, டான்சிலுக்கு உண்டு. நடுவில் இருக்கும் 32 உருப்படிகளுக்கு மட்டும் கிடையாது. அவை ஏதோ நாம் ஆசைக்கு வாங்கி மாட்டிக்கொண்ட நகைகள் போல. இதில் மாணவர்களை மட்டும் வஞ்சித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1965இல் முதியவர்களுக்காக மெடிகேர் கொண்டுவந்தபோதே வழக்கமான பல் வைத்தியத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். மூல மெடிகேரில் இன்றைக்கும் அது வாசலில்தான் நிற்கிறது. அறுபத்தைந்து வயதில் எது முதலில் ஆடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்! தனியாகக் காசு கட்டிப் பல் காப்பீடு வாங்கினாலும், பல திட்டங்களில் வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலரோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதலில் ஒரு தனியார் மருத்துவரிடம்தான் போனேன். எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் டாக்டர் போய்விட்டார். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்தார். ரூட் கேனால், அதற்கு மேல் கிரவுன், எல்லாம் சேர்த்து 2,700 டாலர். தவணையும் உண்டு என்றார், மிகுந்த கனிவோடு. என் மாத உதவித்தொகை 2,800 சொச்சம். அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரு மாதம் மூன்று பேரும் சாப்பிடக் கூடாது. சாப்பிடாதவனுக்குப் பல் எதற்கு என்ற தத்துவக் கேள்வியோடு வீடு திரும்பினேன்.

அம்மா வாட்ஸ்அப்பில் வந்தார். "உப்புத் தண்ணி வச்சு நல்லாக் கொப்பளி. ஒரு கிராம்பை எடுத்து அந்தப் பல்லுல அடக்கிக்கோ. ராத்திரி தயிர் சேக்காதே." தயிருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அம்மாவின் வைத்தியம் எல்லாவற்றிலும் தயிர் ஒரு குற்றவாளி.

ஆய்வுக்கூடத்து சீனியர் ஒருவர்தான் வழி சொன்னார். "ஸ்லைடிங் ஸ்கேல் கிளினிக்னு ஒண்ணு இருக்குடா. உன் சம்பளத்தைப் பாத்து ஃபீஸ் போடுவாங்க." வீட்டில் சொன்னதும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, அமெரிக்கா வந்து தர்மாஸ்பத்திரிக்கா? எங்க அப்பா காதுல விழுந்தா என்ன ஆவும்?" நண்பன் ஒருவன் இதைவிடப் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டான். அரசாங்கச் சலுகையைத் தொட்டால் 'பப்ளிக் சார்ஜ்' முத்திரை விழுமாம், பிற்காலத்தில் க்ரீன் கார்டு கனவு அவ்வளவுதானாம். நான் விதியைத் தேடி எடுத்துப் படித்தேன். அப்போது நடப்பில் இருந்த 2022ஆம் ஆண்டு விதிப்படி, அரசாங்கம் கையில் கொடுக்கும் ரொக்க உதவியும், அரசுச் செலவில் காப்பகத்தில் நீண்டகாலம் தங்குவதும்தான் கணக்கில் வரும். சொத்தைப்பல் வராது. நண்பன் நம்பவில்லை. அவன் விதிகளைப் படிப்பதில்லை, ஃபார்வர்டு செய்வதோடு சரி.

கிளினிக்கின் முன்மேசையில் ஒரு கறுப்பினப் பெரியம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி, விரல் நகம் ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். பால்டிமோர் வழக்கப்படி என்னை "ஹன்" என்று கூப்பிட்டார். கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, வரி ரிட்டர்ன், வீட்டு முகவரிக்கு ஓர் ஆதாரம் கேட்டார். விசா பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். கால்குலேட்டரைத் தட்டினார். அந்த வருஷம் மூன்று பேர் குடும்பத்துக்கு மத்திய அரசு போட்டிருந்த வறுமைக்கோடு 25,820 டாலர். என் வருமானம் 34,000. "நூற்றி முப்பத்திரண்டு சதவீதம், ஹன்" என்றார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புவரை எதிலும் நூறைத் தொடாதவன் நான். வறுமையில் 132 எடுத்துவிட்டேன். உடனே ஊருக்கு போன் போட்டுச் சொல்லலாமா என்றிருந்தது. ஆனால் இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் சலுகை குறையும். நூறு அல்லது அதற்குக் கீழே இருந்தால் பேருக்கு ஒரு கட்டணம், அல்லது அதுவும் கிடையாது. நூறுக்கு மேல் இருநூறு வரை படிப்படியாகக் கழிவு. இருநூறைத் தாண்டினால் முழுக் கட்டணம். மத்திய அரசின் மானியம் வாங்கும் சமூக நல கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த ஏணி பொது. பணமில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியத்தை மறுக்கக் கூடாது என்பதும் அவர்களுக்கு விதி.

இந்த வறுமைக்கோடு எப்படி வந்தது என்று பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்புத் துறையில் இருந்த மாலி ஓர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி போட்ட கணக்கு அது. ஒரு குடும்பம் சிக்கனமாகச் சாப்பிட எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அதை மூன்றால் பெருக்கினார். அவ்வளவுதான். அதை வருஷா வருஷம் விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆக, என் பல்லுக்கு என்ன விலை என்பதை முடிவு செய்தது, அந்தப் பல்லால் நான் எவ்வளவு மெல்லலாம் என்ற பழைய கணக்கு.

இப்படிப்பட்ட கிளினிக்குகளின் பிறப்பும் சாப்பாட்டுக் கதைதான். ஜேக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரண்டு டாக்டர்கள் 1965இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் முதலாவதைத் தொடங்கினார்கள். அடுத்தது மிசிசிப்பியில், மவுண்ட் பேயூ என்ற ஊரில். அங்கே வந்த குழந்தைகளுக்கு நோயே பட்டினிதான் என்று கண்ட கைகர், மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு சாமானைக் கொடுத்தார். பில் கிளினிக்கின் மருந்துக் கணக்குக்குப் போனது. மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. நான் படித்த மருத்துவத்தில் பட்டினிக்கு மருந்து சாப்பாடுதான் என்று பதில் சொல்லி அனுப்பினார் மனுஷன். இன்னொன்றும் பிடித்திருந்தது. இந்த கிளினிக்குகளின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு விதி வந்தால் கழிப்பறைகள் மறுநாளே பளிச்சென்று ஆகிவிடும்.

காத்திருக்கும் அறையில் எனக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத் தொழிலாளி, சுண்ணாம்பு படிந்த பூட்ஸோடு. இந்தப் பக்கம் ஊபர் ஓட்டுகிற ஓர் எத்தியோப்பியர். அவர் வரிசையில் இருந்துகொண்டே காரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே தானம் வாங்க வந்தவர்களின் பல்லை வரிசையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பெண் நேராக விஷயத்துக்கு வந்தார். பிடுங்குவதென்றால் இன்றைக்கே, உங்கள் படிக்கு 45 டாலர். கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் இங்கே செய்வதில்லை. காப்பாற்ற வேண்டுமென்றால் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன், அதுவரை தற்காலிகமாக அடைத்துவிடுகிறேன். அடைத்தார். வாய் முழுக்கக் கிராம்பு வாசனை. துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினாலையும் குழைத்த பசையாம் அது. அம்மாவுக்குச் சொன்னேன். "அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்? அவளுக்கு எவ்வளவு குடுத்தே?"

பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்ற அந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்காமல் பேச வேண்டும். இந்தக் கிளினிக்குகள் பலவற்றில் சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது இவைதான் ஏணிக் கட்டணத்தில் எளிதாகக் கிடைக்கும். ரூட் கேனால், கிரவுன் என்று போனால் ஆள் இல்லை, அல்லது லேப் செலவைத் தனியாகக் கட்ட வேண்டும். அதனால்தான் ஏழை வாயில் பல் குறைவாக இருக்கிறது. அவன் பல் தேய்க்காததால் இல்லை. பிடுங்கக்கூட வழி கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பால்டிமோர் இருக்கும் இந்த மேரிலாந்து மாநிலம் பார்த்திருக்கிறது. 2007இல் 12 வயதுப் பையன் ஒருவன், பல்லில் வைத்த சீழ் மூளைக்கு ஏறி இறந்துபோனான். எண்பது டாலருக்குப் பிடுங்கியிருக்கக்கூடிய பல். அதற்குப் பிறகுதான் மாநிலம் குழந்தைகளின் பல் வைத்தியத் திட்டத்தைத் தூசு தட்டி எழுப்பியது.

எனக்குச் சீட்டு கிடைத்தது, கல்லூரிக்குப் போனேன். அங்கே கட்டணம் தனியாரில் கேட்டதில் பாதிதான். மீதிப் பாதியை நேரமாகக் கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஏற்கெனவே பட்டம் பெற்ற பல் டாக்டர், ரூட் கேனாலில் மேற்படிப்பு படிக்கிறவர். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை இழுத்துக் கட்டினார். என் முகத்தில் அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் தேவையில்லாத பாகம். ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த கட்டம். வழக்கமாக மூன்று வேர்க்கால்வாய் இருக்குமாம், எனக்கு நாலு. அதைக் கண்டுபிடித்ததும் பக்கத்து நாற்காலிகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்து "பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தபோதுகூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாயைத் திறந்தபடி இருந்ததால் நன்றி சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனோம். மாமனார் ஒரு பல் டாக்டரிடம் எனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம், அங்கேயே பார்த்துக்கொண்டேன் என்றதும் மாப்பிள்ளை அமெரிக்காவில் பெரிய நிலைக்கு வந்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மனைவி திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

ஆகவே அமெரிக்காவில் இருக்கும் மாணவர்களே, வேலை போனவர்களே, விருந்தாளியாக வந்த அப்பா அம்மாவின் பல்லை வைத்துக்கொண்டு விழிப்பவர்களே, எச்.ஆர்.எஸ்.ஏ. என்ற மத்திய சுகாதார அமைப்பின் இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குகளின் பட்டியல் வரும். கூப்பிட்டு, பல் வைத்தியம் உண்டா, ரூட் கேனால் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வாட்ஸ்அப்பை நம்பாமல் அன்றைய விதியைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். சம்பளச் சீட்டைக் காட்டுவதற்குக் கூச்சப்படாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லார் கையிலும் அதே சீட்டுதான். போகும்போது வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், மரத்துப்போன வாயோடு வீடு திரும்பிய பிறகும் சில மணி நேரம் எதையும் மெல்ல முடியாது.