துடித்துக்கொண்டிருந்த கர்சர்

லினக்ஸ் டெர்மினலில் பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்யச் சொல்லி எண்டரைத் தட்டினால், அந்தக் காலத்தில் அதோடு சரி. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி அங்கேயே துடித்துக்கொண்டிருக்கும். வேலை நடக்கிறதா, தொங்கிவிட்டதா என்று அறிய, கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருக்கும் சிறு விளக்கைப் பார்ப்போம். அது விட்டுவிட்டு மின்னினால் ஹார்டு டிஸ்க் ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் போடும் டிஸ்காக இருந்தால் காதையும் கொடுப்போம். விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு டெர்மினலைத் திறந்து, போய்ச்சேரும் கோப்பின் அளவு கூடுகிறதா என்று ‘எல்எஸ்’ போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள்.

‘டிடி’ இன்னும் அழுத்தமான ஆள். முழு டிஸ்கையே பிரதி எடுக்கும் கட்டளை அது. மணிக்கணக்கில் வாயைத் திறக்காது. பேச வைக்க ஒரு வழி இருந்தது. ‘கில்’ கட்டளை வழியாக அதற்கு யூஎஸ்ஆர்1 என்ற சிக்னலை அனுப்பினால், இதுவரை எத்தனை பைட் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும். இது லினக்ஸில். மேக்கிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ அதையே செய்தால் டிடி அங்கேயே செத்துவிடும். அங்கே கண்ட்ரோலையும் டீ-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். நடுராத்திரியில் சர்வர் டிஸ்கைக் காப்பாற்றப் போராடும் ஒருவர் இந்த வித்தியாசத்தையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. குனு டிடி-யில் ‘ஸ்டேட்டஸ்=புராகிரஸ்’ என்று சேர்த்தாலே போதும் என்ற நிலை 2015-ல்தான் வந்தது.

அந்த மௌனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் யூனிக்ஸை எழுதியவர்களுக்கு முன்னால் இருந்தது டெலிடைப். மாடல் 33 என்ற இயந்திரம் வினாடிக்குப் பத்து எழுத்துதான் தாளில் அடிக்கும். வீண் பேச்சுக்கு இடமே இல்லை. அங்கிருந்த டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்தி 1973-ல் பைப் வந்த பிறகு, ஒரு புரோகிராம் வெளியே தள்ளுவது அடுத்த புரோகிராமுக்குத் தீனியாயிற்று. நடுவில் ‘40 சதவீதம் முடிந்தது’ என்று எழுதினால் அதுவும் டேட்டாவோடு கலந்து போகும். பிற்பாடு பிழைச் செய்திகளுக்கென்று தனி வழி வந்தது. இன்று வேலையின் நிலவரம் அந்த வழியாகத்தான் போகிறது, போகவும் வேண்டும். 1985-லேயே ஆய்வாளர் பிராட் மையர்ஸ் சதவீதக் காட்டிகளை ஆராய்ந்து, மக்கள் அவற்றை விரும்புகிறார்கள் என்று எழுதிவிட்டார். டெர்மினல் உலகம் அதைக் காதில் வாங்க வெகுகாலம் ஆயிற்று.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சேர்த்திருந்த கோப்புகளை யூனிகோடாக மாற்ற ஒரு நூலகத்துக்குச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்நாளைய வழக்கப்படி அதுவும் முடிகிற வரை பேசாது. அதை ஓட்டிய அக்கா போனில் கேட்டார்: “தம்பி, இது ஓடுதா, நின்னுடுச்சா? நான் நிறுத்திட்டு மறுபடி போடட்டுமா?” பாதி வேலை முடிந்த நிலையில் அவர் கண்ட்ரோல்-சி அழுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் வேலையை மனிதர்கள் நிறுத்துவது பொறுமை இல்லாததால் அல்ல, தகவல் இல்லாததால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவருக்காக ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘1,204 / 3,860’ என்ற எண்ணிக்கையும், பக்கத்தில் கோப்பின் பெயரும். இதன் சூட்சுமம் டெலிடைப் காலத்து எழுத்து ஒன்றில் இருக்கிறது. அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளும் ‘கேரேஜ் ரிட்டர்ன்’ அது. அதை மட்டும் அனுப்பினால் கர்சர் கீழே இறங்காது. அதே வரியின் மேல் புது எண்ணை எழுதலாம். ஆனால் புதிய வரி சிறியதாக இருந்தால் பழைய வரியின் வால் திரையில் மிஞ்சி நிற்கும். இடைவெளி போட்டு அழிக்கலாம் என்றால், தமிழ்ப் பெயர்களில் அது நடக்கவில்லை. ‘கொ’ என்ற ஓர் எழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடு, யூடிஎஃப்-8-ல் ஆறு பைட். டெர்மினல் அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குகிறது என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். வரி திரையின் அகலத்தைத் தாண்டினால் இன்னும் மோசம்: அடுத்த வரிக்கு மடங்கிவிடும், கேரேஜ் ரிட்டர்ன் மடங்கிய பகுதியின் தொடக்கத்துக்கு மட்டுமே திரும்பும், திரை முழுக்கப் பாதிப் பெயர்கள் குவியும். வரியின் மிச்சத்தை அழிக்கும் எஸ்கேப் கட்டளையைப் போட்டு, பெயரை வெட்டி வரியின் கடைசியில் வைத்த பிறகு ஒழுங்குக்கு வந்தது. அதற்குப் பிறகு அக்கா போன் செய்தது எண்ணைப் பார்த்து, “மதியத்துக்குள்ள முடிஞ்சுடும் போல” என்று சொல்லத்தான்.

இன்று நிலைமை தலைகீழ். பைத்தானில் லூப்பைச் சுற்றி ‘டிக்யூடிஎம்’ என்று எழுதினால் முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை வந்துவிடுகிறது. 2014-ல் வந்த, மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளையும் பட்டையோடுதான் வந்தது. இந்தப் பெருக்கம் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கவனமில்லாமல் செய்தால் பட்டையே வேலையைக் கெடுக்கும். 2016-ல் என்பிஎம் பயன்படுத்தியவர்கள் பட்டையை அணைத்தால் நிறுவல் வெகுவாக வேகமெடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். வினாடிக்குச் சில முறை புதுப்பித்தாலே மனிதக் கண்ணுக்குப் போதும். எதிரே டெர்மினல் இல்லாமல் லாக் கோப்புதான் இருக்கிறது என்றால் பட்டையை எழுதவே கூடாது.

பொய் சொல்லும் பட்டை மௌனத்தைவிடக் கெட்டது. யூஎஸ்பி டிரைவில் எழுதும்போது 100 சதவீதம் என்று காட்டும்; உண்மையில் டேட்டா இன்னும் மெமரியிலேயே இருக்கும். நம்பிப் பிடுங்கியவரின் கோப்பு கெட்டது கெட்டதுதான். பட்டைக்குப் பதில், வேலை நடப்பதைக் காட்டச் சுழலும் குச்சியைச் சிலர் தனி திரெட்டில் ஓடவிடுகிறார்கள். வேலை நின்றுபோனாலும், எள் தீர்ந்த செக்கை மாடு சுற்றுவதுபோல் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை நகர்ந்தால் மட்டுமே காட்டியும் நகர வேண்டும். மொத்தம் தெரியாதபோது சதவீதத்தைக் கற்பனை செய்யாமல், முடிந்ததை மட்டும் எண்ணிச் சொல்லலாம். இதில் ‘கிட்’ என்ற கருவி எனக்குப் பிடித்த முன்மாதிரி: டெர்மினல் இருந்தால் மட்டும் காட்டும், பல இடங்களில் வேலை ஓரிரு வினாடி தாண்டினால்தான் வாய் திறக்கும், எத்தனை ஆப்ஜெக்ட் வந்து சேர்ந்தது என்பதை எண்ணிக்கையாகவும் சொல்லும்.

கோப்பைக் காப்பி செய்யும் குனுவின் ‘சிபி’ மட்டும் இன்னும் பழைய மௌனத்தில் இருக்கிறது. கேட்டால் மட்டும் பேசும் ஒரு தேர்வை அதில் சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். அதுவரை பெரிய காப்பிகளுக்கு ஆர்சிங்க்கின் ‘இன்ஃபோ=புராகிரஸ்2’ போதும். சிபி-யை ஏற்கெனவே ஓடவிட்டுவிட்டீர்களா? நிறுத்த வேண்டாம். லினக்ஸ் கெர்னல் ‘புரொக்’ அடைவில் அந்த புரோகிராமின் எண்ணுக்குக் கீழே, ‘எஃப்டிஇன்ஃபோ’ என்ற இடத்தில், திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் எந்த பைட்டில் நிற்கிறது என்று குறித்து வைத்திருக்கிறது. ‘பாஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அந்த எண்ணைக் கோப்பின் மொத்த அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கைக்கு வந்துவிடும்.