கைப்பிடியில் கணப்பு

மோட்டார் சைக்கிள் கைப்பிடியைச் சூடாக்கும் கிரிப் பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்களா! எல்லாம் தாம்பரத்தைச் சுற்றியிருந்துதான் வந்திருக்கின்றன.

மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா: நம்ம ஊரில் மார்கழியிலேயே ஃபேன் ஓடுகிறது. என் மகன் பைக் கைப்பிடிக்கு ஹீட்டர் வாங்கி வந்திருக்கிறான். இவனுக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை அம்மா. "எங்கேடா கிளம்பப் போறே?" என்று மட்டும் கேளுங்கள். தாம்பரத்துக்காக யாரும் அதை வாங்குவதில்லை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில். பையனின் மனசு ஊட்டியிலோ லடாக்கிலோ இருக்கிறது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லடாக் ஏறும் புல்லட்டுகள் பல நம்ம ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பிறந்தவைதானே? வண்டி போகிற இடத்துக்கு நம்ம ஊர்ப் பிள்ளையும் போகட்டும். ஒரு டப்பா முறுக்கு கட்டிக் கொடுங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: நல்ல கிளவுஸ் போட்டால் போதாதா சார்? இதெல்லாம் ஆடம்பரம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு ஜனவரி விடியற்காலை வரைக்கும். ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் இறங்கினேன். தலைகுந்தா புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல உறைபனி. கையில் தோல் கிளவுஸ் இருந்தது. பைக்காரா பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன், முடியவில்லை. தாடைக்குக் கீழே இருக்கும் கொக்கியை விரல் தொடுகிறது, ஆனால் தொடுவது தெரியவில்லை. டீ மாஸ்டர்தான் வந்து கழற்றிவிட்டார். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: இந்த விரல்களை வைத்துக்கொண்டா அவ்வளவு வளைவுகளிலும் பிரேக் பிடித்து வந்தோம்?

5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று அடிக்கிற அடியில் தோலுக்கு அது சுமார் மைனஸ் 1 டிகிரி. உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றிக்கொள்ள விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கிளவுஸ் இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. விரலில் சூடே இல்லாதபோது அது எதைக் காக்கும்? முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரியாத நிலையில் மலை இறங்குவது ஆபத்து. அதனால் இதை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டாம். காற்றை மறிக்கும் ஹேண்ட் கார்டு முதலில், நல்ல கிளவுஸ் அடுத்து, ஹீட்டர் மூன்றாவது. காற்றை மறிக்காமல் ஹீட்டர் போட்டால் உள்ளங்கை சுடும், விரலின் வெளிப்பக்கம் விறைத்தபடியே இருக்கும்.

செம்பாக்கம் வாசகர்: பேட்டரி தாங்குமா?

வண்டி ஓடும்போது தாங்கும். சாதாரண கிரிப் ஜோடி முழுச் சூட்டில் 36 வாட் அளவுக்கு இழுக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட்டுக்கு அது 3 ஆம்பியர். பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பு இன்னொன்று மாட்டியது போலத்தான். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இல்லை, அதையும் கணக்கில் சேருங்கள். எல்இடி விளக்குள்ள வண்டியென்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பெருங்களத்தூர் நெரிசல் மாதிரி வண்டி ஐடிலில் நின்றுகொண்டே இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் காயில் கொடுக்கும் கரண்ட் குறைவு. அப்போது ஹீட்டர் பேட்டரியைத்தான் தின்னும். என்ஜினை நிறுத்திவிட்டு ஹீட்டரை அணைக்க மறந்தால் 8 ஏஎச் பேட்டரி காகிதக் கணக்குப்படி இரண்டரை மணி நேரம் தாங்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே செல்ஃப் எடுக்காது. இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கரும் கிடையாது. ஸ்கூட்டர் பேட்டரி இன்னும் சின்னது, அதில் இந்த வேலையே வேண்டாம்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நானே மாட்டிக்கலாமா?

மாட்டலாம் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா ஒதுக்கு. பழைய கிரிப்பைக் கத்தியால் கிழிக்காதே. பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் விட்டால், ரப்பர் பலூன் மாதிரி உப்பித் தானாக நழுவி வரும். பார்க்கவே அழகாக இருக்கும். புது கிரிப் வாங்கும் முன் நீளத்தை அளந்துகொள். இடப்பக்கம் கம்பி பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், வலப்பக்கம் ஆக்ஸிலேட்டர் குழாய் அதைவிடத் தடிமன். அதனால் இரண்டு கிரிப்பும் ஒரே அளவில் இருக்காது, மாற்றி மாட்டப் பார்க்காதே.

கரண்ட் எடுக்கும் இடம்தான் முக்கியம். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதில் முறுக்கிவிடாதே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு தனி ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் முனை. 87-ம் முனையிலிருந்து கிரிப்புக்கு. 85 எர்த். 86-க்கு சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் டெயில் லைட் ஒயரைத் தொட்டுக்கொள். அந்த ஒயருக்குப் பாரம் ஏறாது, ரிலேயை இழுக்க மிகச் சின்ன கரண்ட் போதும். சாவியை எடுத்ததும் ஹீட்டரும் அணையும். வாரண்டியில் உள்ள வண்டி என்றால் கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டு எடு.

இதையெல்லாம்விட ஆக்ஸிலேட்டர் பக்கம் எனக்குக் கவலை அதிகம். நான் முதல் தடவை மாட்டியபோது பசையை அள்ளித் தடவிவிட்டேன். வழிந்த பசை குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் இறங்கிவிட்டது. முறுக்கிவிட்டு விட்டேன், திரும்பவில்லை. என்ஜின் ஓடாமல் நின்ற வண்டியில் அதைக் கண்டுபிடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். ஆகவே பசை கொஞ்சமாக. ஒயர் குழாயோடு சேர்ந்து சுழலும் அளவுக்குத் தொய்வு விடு. ஹேண்டில் பாரை இடது கோடி வரைக்கும் திருப்பி முழுக்க முறுக்கி விடு, "டக்"கென்று திரும்ப வேண்டும். வலது கோடியிலும் அதேபோல். பத்துத் தடவை. ஒரு தடவை மந்தமாகத் திரும்பினாலும் கழற்று.

பம்மல் வாசகர்: எனக்கு இடது கிரிப் மட்டும் சூடே ஏறுவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை சார். வலது கிரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, சூடு தங்கும். இடது கிரிப் நேராக இரும்புக் கம்பி மேல் உட்காருகிறது. பாதிச் சூட்டை அந்தக் கம்பியே குடித்துவிடும். கம்பி மேல் ஒரு சுற்று ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, அதன் மேல் கிரிப்பைப் போடுங்கள்.

சானடோரியம் வாசகர்: எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கை அடிக்கடி மரத்துப்போகிறது. சூடு நல்லதுதானே?

சார், உங்களுக்கு இது வேண்டாம் என்பேன். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது. மற்றவர்கள் "சுடுகிறது" என்று கையை எடுக்கும் நேரத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முதலில் டாக்டரிடம் கையைக் காட்டுங்கள். குளிரில் விரல் வெள்ளையாகி நீலமாகிற ரேனாட் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்தச் சூடு உதவலாம். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முடிச்சூர் வாசகர்: 2015 வெள்ளத்தில் என் வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. இதை மாட்டி, மறுபடி அப்படி நடந்தால்?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அடையாறு தெருவுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். வெள்ள வண்டிகளில் ஒயரைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருக்கும். அந்தப் பச்சை வெளியே தெரியாமல் இரண்டு வருடம் கழித்துக்கூட வண்டியை நிறுத்தும். ஆகவே வெறும் கறுப்பு டேப் சுற்றி விடாதீர்கள், தண்ணீர் புகாத கப்ளர் போடுங்கள். ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி, டேங்குக்கு அடியில் உயரமாகக் கட்டுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் அந்த ஃபியூஸை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டலூர் வாசகி: ஏற்காட்டுக்கு ஒரே ஒரு தடவை போகிறேன். அதற்காகவா இவ்வளவு செலவு?

வேண்டாம்மா. கிளவுஸுக்கு உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்று நிற்கும். விரல் விறைத்தால் நிறுத்தி, கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரைத் தொட வேண்டாம். வட இந்தியாவில் ஹேண்டில் பாருக்கு உறை மாட்டி, அதற்குள் கையை விட்டு ஓட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மலைப்பாதையில் அவசரத்துக்குக் கை அதற்குள் சிக்காது என்று பழகிப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

சேலையூரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அப்பா வண்டி கைப்பிடி மே மாசம் தொடவே முடியல. குளிர வைக்கிற கிரிப் செய்ய முடியாதா அங்கிள்?

இத்தனை கடிதங்களில் தாம்பரத்துக்கு வேண்டிய கேள்வி இதுதான்! சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரி பார்த்த ஊர். வழி இருக்கிறது கண்ணு. பெல்டியர் தகடு என்று ஒன்று உண்டு. கரண்ட் விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கரண்ட்டைத் திருப்பி விட்டால் பக்கம் மாறும். அதாவது ஒரே கிரிப் மேயில் குளிரும், ஊட்டியில் சுடும். சிக்கல் ஒன்றுதான்: கையிலிருந்து எடுத்த சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஹேண்டில் பார் கம்பியிலேயே இறக்கலாமா, ஓடும் காற்றில் விட அலுமினியத் தகடு வைக்கலாமா, 3 ஆம்பியருக்குள் முடியுமா? பரீட்சை முடிந்ததும் ஒரு நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு வா. சோதனைக்கு என் வண்டியைத் தருகிறேன், மல்டிமீட்டரும் என்னிடம் இருக்கிறது.