ஷட்டர் இல்லாத சந்தை

கேள்வி: கிரிப்டோ வர்த்தகத்தில் எந்தக் காயினை வாங்குகிறோம் என்பதைவிட மனக்கட்டுப்பாடுதான் முக்கியமாமே, உண்மையா?
- வாசகர், ஈரோடு

பதில்: பங்குச் சந்தைக்காவது மாலை மூன்றரைக்கு ஷட்டர் இறங்கும், சனி, ஞாயிறு லீவு. கிரிப்டோவுக்கு ராத்திரியும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. அது மூடாது என்றால் நாம்தான் ஆப்பை மூட வேண்டும்!

2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டபோது ‘இன்னும் ஏறும்’ என்று பாய்ந்து வாங்கியவரும், அடுத்த நவம்பரில் 16,000-க்குக் கீழே சரிந்தபோது ‘ஆளை விடு’ என்று விற்றவரும் ஒரே ஆளாக இருந்தால் ஆச்சரியமில்லை. வாங்க வைத்தது ஆசை, விற்க வைத்தது பயம்; மூளை இரண்டு நாளும் டூட்டிக்கு வரவில்லை.

எனவே, எந்த விலையில் வெளியேறுவது என்பதை வாங்கும் முன்பே எழுதி வையுங்கள். ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆணை) போட்டால், விலை நெருங்கும்போது அதைக் கீழே இறக்காதீர்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள். போனால் வீட்டில் தைரியமாகச் சொல்லக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்.

இன்னொன்று: லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒரு காயினில் விட்டதை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் சட்டம் விடாது. உங்கள் லாபத்தில் மட்டும் பங்கு, நஷ்டத்தில் கும்பிடு. அரசாங்கத்தைவிடக் கட்டுப்பாடான பார்ட்னர் உண்டா?