மூன்று அடி, மூன்று நொடி

கேள்வி: வாலிபாலைத்தானே தமிழில் கைப்பந்து என்கிறோம், அப்படியானால் ஹேண்ட்பால் என்பது என்ன ஆட்டம்?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: இரண்டும் கையால் ஆடுபவையே, ஆனால் வாலிபாலில் பந்தைப் பிடித்தால் தவறு, ஹேண்ட்பாலில் பிடிக்காவிட்டால் ஆட்டமே இல்லை. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய களத்தில், கோல்காப்பாளர் உட்பட அணிக்கு எழுவர், 30 நிமிடப் பாதிகள் இரண்டில் மோதும் இவ்வாட்டத்தில், பந்தைக் கையில் வைத்திருப்பவர் மூன்று அடிகளுக்கு மேல் நடக்கவோ, தரையில் தட்டாமல் மூன்று நொடிகளுக்கு மேல் வைத்திருக்கவோ கூடாது. கோலைச் சுற்றிய 6 மீட்டர் வளைவுக்கோட்டுக்குள் கோல்காப்பாளரைத் தவிர எவரும் கால்வைக்கலாகாது. எனினும் கோட்டுக்கு வெளியே உந்தி எழுந்து, கால் தரைதொடுமுன் அந்தரத்திலேயே பந்தை எறிந்துவிட்டால் அந்தக் கோல் செல்லும் என்பதே இவ்விதிகளுள் மிக அழகானது. தெளிவான கோல் வாய்ப்பை முறைகேடாகத் தடுத்தால் எதிரணிக்கு 7 மீட்டர் எறிதல் கிடைக்கும். முரட்டாட்டத்திற்கு 2 நிமிட வெளியேற்றம் உண்டு, ஒரே வீரருக்கு அது மூன்று முறையானால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்ற இதை, உங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வரும் இளைஞர்களும் ஆடலாம்: 28 மீட்டர் நீளக் கூடைப்பந்துத் தளம் போதாது, பெரிய மைதானம் வேண்டும், வளைவுக்கோட்டிற்கோ கோல்கம்பத்தடியில் கட்டிய 6 மீட்டர்க் கயிறும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும்.