பரணியல்: ஸ்ரீரங்கத்துப் பரண்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி. நூற்றுச் சொச்சம் பாத்திரங்களிடம் தோற்றவன் எழுதுவது பரணியல். உடைமை குறைந்தால் உள்ளம் நிறையுமா என்பதே இவ்வியலின் தலையாய கேள்வி.

1. களம்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பரண். ஆய்வாளர் அதே வீட்டில் குடியிருப்பது தற்செயல். ஏணி போட்டு ஏறிப் பட்டியல் எடுத்ததில் அகப்பட்டவை: அடி கரிந்த வெண்கலப் பானை, காதறுந்த அண்டா, திரியில்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ், அந்த ஸ்டவ்வுக்குப் பொருந்தாத திரி ஒரு கட்டு, நடைவண்டி (அதை ஓட்டிய பிள்ளைக்கு இப்போது வழுக்கை), வேறு வீட்டுப் பெயர் வெட்டிய பாத்திரங்கள் ஏழு.

இவை அனைத்தையும் காத்து நிற்பது 'எப்பவாவது உதவும்' என்னும் சூத்திரம். இதற்கு உரை: 'எப்பவாவது' என்பது காலப்பெயர், எனினும் எந்தப் பஞ்சாங்கத்திலும் காணப்படவில்லை. 'உதவும்' என்பது எதிர்காலம். அது இறந்தகாலமானதற்குச் சான்று இல்லை.

2. முன்னோர் கொள்கை

திருச்சி மலைக்கோட்டைப் பாறையில் சமண முனிவர்களின் படுக்கைகள் உண்டு. படுக்கையும் கல், தலையணையும் கல். துறந்தவர்களுக்கு ஏற்ற கட்டில்: தூக்கிப் போகவும் முடியாது, எடைக்குப் போடவும் முடியாது. மலையடியில் இன்று என்.எஸ்.பி. ரோடு ஆடித் தள்ளுபடியில் நெரிகிறது. கொள்கையும் எதிர்க்கொள்கையும் 83 மீட்டர் உயரத்துக்குள் அடக்கம்.

இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வான் பெருஞ்செல்வர். எல்லாவற்றையும் துறந்து திருவரங்கம் நடந்து வந்தபோது, அவர் உண்பதற்கென்று மனைவி ஆண்டாள் ஒரு பொன்வட்டிலை மட்டும் மடியில் முடிந்துகொண்டாராம். காட்டு வழியில் அந்த அம்மையாருக்குப் பயம். காரணம் அறிந்த ஆழ்வான் வட்டிலைத் தூக்கி எறிந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

அண்மைக்கால அறிஞரான ஜப்பானின் மேரி கோண்டோ, பொருளைக் கையில் எடுத்து, மகிழ்ச்சி பிறக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். வெண்கலப் பானையை எடுத்துப் பார்த்தோம். இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

3. மறுப்பு

ஆழ்வான் திருவரங்கத்தில் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார். மழையால் அதுவும் இல்லாமற்போன ஒரு நாள் இரவு, கோயிலிலிருந்து அரவணைப் பிரசாதம் வீடு தேடி வந்தது. அனுப்பியவர் யார்? 156 ஏக்கர், ஏழு பிராகாரம், ஆளுயரத்தை மிஞ்சும் நெற்களஞ்சியங்கள் கொண்ட அரங்கன்! சமண முனிவரும் பிச்சை ஏற்றே உண்டார். அரிசிப் பானை இருந்த வீட்டில்தான் பிச்சை கிடைத்திருக்கும். ஆகவே, ஒருவர் துறக்க இன்னொருவர் பரண் கட்டியாக வேண்டும் என்பது பெறப்படும்.

4. சோதனை

கொள்கை எப்படியானாலும் செய்து பார்ப்பதே ஆய்வு. பரணை மொத்தமாக எடைக்குப் போட்டோம். மூன்று நாள் பேரின்பம். நான்காம் நாள் ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போக உறவினர் பதினாறு பேர் வந்து இறங்கினர். புளியோதரை கலக்கப் பாத்திரமில்லை.

எதிர்வீட்டு மாமி தம் பரணிலிருந்து ஓர் அண்டாவை இறக்கித் தந்தார். அதன் கழுத்தில் எங்கள் பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது. 'உதவும்' இறந்தகாலம் ஆனது, வேறொரு வீட்டுப் பரணில்! தெருவுக்கெல்லாம் பரண் ஒன்றே, ஏணிகள்தாம் பல என்ற பேருண்மை புலப்பட்டது. அதை எடுத்துரைக்க வாய் திறக்குமுன் மாமி கேட்டார்:

"எங்காத்து உருளி ஒண்ணு உங்காத்துப் பரண்ல இருக்கணுமே?"

5. முடிவு

அந்த உருளி எவ்வளவு எடை நின்றது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். மடியில் இப்போது துளியும் கனமில்லை. கோயிலுக்கு மட்டும் அடுத்த வீதி வழியாகச் சுற்றிப் போகிறார்.